தகடு கிடைக்காத பிள்ளை

செத்துப்போன ஒருவருக்கு நீங்கள் எப்போதாவது சட்டை போட்டுவிட்டிருக்கிறீர்களா?

போட்டிருந்தால் தெரியும். கை மடங்காது. வலிந்து மடக்கினால் ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் பிறகு காதை விட்டுப் போகாது. அதனால் சட்டையின் முதுகைக் கத்தரிக்கோலால் மேலிருந்து கீழ்வரை வெட்டிவிட வேண்டும். முன்பக்கத்தால் கைகளை நுழைத்து, வெட்டிய ஓரங்களை முதுகுக்குக் கீழே செருகிவிட வேண்டும். மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பொத்தான் எல்லாம் பூட்டி, மடிப்புக் குலையாமல், அணிவகுப்புக்கு நிற்கிற பிள்ளைபோல இருக்கும். முதுகில் துணி இல்லை என்பது பெட்டிக்கு மட்டும் தெரியும்.

சிவாஜினி இந்த வேலையை நாலு வருடம் செய்தாள்.

யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த அடுத்த வருடம், பதினேழு வயதில் இயக்கத்தில் சேர்ந்தவள். ஒருவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, தானாகத்தான் போனாள். ஒன்பது வருடம் சண்டைக்காரியாக இருந்தாள். இடுப்பில் எறிகணைச் செல் துண்டு ஒன்று ஏறி, எடுக்க முடியாமல் உள்ளேயே நின்றுவிட்டது. ஓட முடியாது என்று ஆன பிறகு செத்தவர்களைக் கழுவுகிற இடத்துக்கு அனுப்பினார்கள்.

இயக்கம் தொடங்கின காலத்தில் செத்தவர்களை எரித்தார்களாம். பிறகுதான் புதைக்கிற வழக்கம் வந்தது. புதைப்பது என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது, விதைப்பது. பிணம் என்று சொல்லக்கூடாது, வித்துடல். சுடலை என்று சொல்லக்கூடாது, துயிலும் இல்லம். சிவாஜினி சேர்ந்த புதிதில் ஒரு வித்துடல் வந்தால் சந்திக்குச் சந்தி வாழை கட்டுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூவோடு வெயிலில் நிற்பார்கள். நாலு பேர் பேசுவார்கள். பிறகு ஒரே உழவு இயந்திரத்தில் மூன்று பெட்டி, நாலு பெட்டி என்று வரத் தொடங்கியது. பேச்சு நாலிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. பிறகு பெட்டி அடிக்கப் பலகை கிடைக்காமல் போனது. இயக்கத்தின் வரலாற்றைக் கேட்டால் ஆட்கள் சண்டைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார்கள். அவளுக்குத் தெரிந்த வரலாறு பெட்டிகளின் வரலாறுதான்.

அந்த வேலை செய்தவர்களுக்கு ஒரு விதி இருந்தது. வேலை முடிந்து தலை தோயக்கூடாது, தலையில் தண்ணீர் வார்த்துக் குளிக்கக்கூடாது. செத்த வீட்டுக்குப் போய்வந்தால் கிணற்றடியில் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏறுவோம் அல்லவா, இங்கே அப்படித் தோய்ந்தால் அது பிணம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். “கையை மட்டும் கழுவுங்கோ. கோயிலால வந்து ஆரும் தோயிறவையே?” என்று பொறுப்பாளர் கேட்பார். நாலு வருடமும் சிவாஜினி கையை மட்டும்தான் கழுவினாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பெண்களே நடத்துகிற உணவகம் ஒன்றில், வன்னியில், கண்டி வீதியோரத்தில், காலையில் உளுந்து வடையும் தோசையும் சுடுகிறாள். சாப்பிட வருகிறவர்களின் முகத்தை அவள் முதலில் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பாள். விரல்களை எண்ணுவாள். எண்ணி முடிந்த பிறகுதான் “என்ன வேணும்?” என்று கேட்க வாய் வரும்.

வரிசையின் கடைசியில் சில நாட்களில் ஒரு பிள்ளை நிற்பாள். கால் வெறுங்கால். தலை நனைந்திருக்கும். இயக்கத்தின் பச்சை வரிச் சட்டையின் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருக்கும். ஒன்றும் கேட்கமாட்டாள். முன்னால் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போய், அவளுடைய முறை வருகிற நேரம் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். சிவாஜினி ஒரு வடையை எடுத்துத் தனியாக ஒரு தட்டில் வைப்பாள்.

“ஆருக்கடி அந்த வடை?” பக்கத்துக் கல்லில் தோசை சுடுகிற செல்வமலர் கேட்பாள். “ஒளிச்சு வைச்சுக் குடுக்கிற அளவுக்கு ஆரும் இருக்கினமோ? எங்களுக்கும் காட்டன்.”

“காகத்துக்கு.”

“நல்ல காகம்தான். நேத்தும் வரேல்ல, முந்தநாளும் வரேல்ல. கடைசில நான்தான் தின்னுறன்.”

றோட்டுக்கு மற்றப் பக்கத்தில், கோயில் மதிலோடு ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அங்கே இருக்கிறார்கள். ஐந்தே முக்கால் வருடமாக இருக்கிறார்கள். வாசலில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு நாளும் காலையில் எத்தனையாவது நாள் என்று சோக்கட்டியால் எழுதுவார்கள். முதலில் கொட்டகை நிறைய ஆட்கள் இருந்தார்கள். பிறகு சிலர் படுக்கையில் விழுந்தார்கள், சிலர் செத்தார்கள். செத்தவர்களின் படங்களையும் இப்போது பிள்ளைகளின் படங்களோடு மாட்டியிருக்கிறார்கள்.

கொட்டகை தொடங்கிய முதல் கிழமை சிவாஜினி தேத்தண்ணி கொண்டு போனாள். சுவரில் ஒட்டியிருந்த கடுதாசிகளை வாசித்துக்கொண்டே வந்தவள் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். தயாளினி. வயது பதினேழு. அடையாளம்: இடது காலில் இரண்டாம் மூன்றாம் விரல்கள் ஒட்டியிருக்கும்.

கையிலிருந்த தட்டம் விழுந்து ஏழு கிளாசும் உடைந்தன.

“பறவாயில்லைப் பிள்ளை, கண்ணேறு போச்சு,” என்று சொல்லி ஓடுகளைப் பொறுக்கித் தந்தவள்தான் தயாளினியின் தாய், நாகபூசணி. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் சிவாஜினி அவளுக்குத் தேத்தண்ணி கொண்டு போகிறாள். சொல்லத்தான் போகிறாள் ஒவ்வொரு நாளும். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறாள்.

அவள் சொல்ல வேண்டியது இதுதான்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள். கழுவுகிற இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான கூடத்துக்கு மாறியிருந்தது. நீள மேசை, பக்கத்தில் தண்ணீர்க்குழாய், வேலைக்கு வசதியான இடம். மத்தியானம் ஒரு வித்துடல் வந்தது. முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள், சுற்றாமல் கொண்டுவர முடியாத முகம். கழுத்தில் தகடு. ஒவ்வொரு போராளிக்கும் இலக்கம் அடித்த தகடு கொடுப்பார்கள், கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று. முகம் இல்லாவிட்டாலும் பெயர் இருக்க வேண்டும் என்பதற்காக. இந்த உடலில் கழுத்துத் தகடு மட்டும்தான் இருந்தது.

இலக்கத்தைச் சிவாஜினி இரண்டு தரம் வாசித்தாள். அருள்நங்கையின் இலக்கம். அவளும் அருள்நங்கையும் ஒரே நாளில் பயிற்சி தொடங்கியவர்கள், ஒரே பாயில் படுத்தவர்கள். அருள்நங்கைக்கு முப்பத்தொரு வயது, ஆம்பிளையைப்போல உயரம், முழங்கையில் தீக்காயத் தழும்பு. மேசையில் கிடந்தது ஒரு குழந்தை. கை வேப்பங்குச்சி மாதிரி. தழும்பு இல்லை. கால்களைக் கழுவும்போது இடது காலில் விரல் இடுக்கில் துணி நுழையவில்லை. குனிந்து பார்த்தாள். இரண்டு விரல் ஒட்டு.

பத்து நாளைக்கு முன்னால் அருள்நங்கை இரவோடு இரவாக வந்து சொன்னது அப்போதுதான் விளங்கியது.

“நான் போகப்போறன் சிவா. இது முடிஞ்சுது. பத்து நாள் பழக்கின சின்னஞ்சிறுசுகளை முன்னுக்கு விடுகினம், தகடும் இல்லை, ஒண்டும் இல்லை. என்னால ஏலாது. ஆனா நான் ஓடினது தெரிஞ்சால் தங்கச்சியைத் தூக்குவினம். அவளுக்குப் பதினஞ்சு. என்ர தகடு உன்னட்ட வந்தால் வாயைத் திறவாத.”

மேசையின் மறுபக்கத்தில் பதிவு எழுதுகிற மாறன் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு நின்றான்.

“இலக்கத்தைச் சொல்லுங்கோ அக்கா. பின்னால இன்னும் ஆறு நிக்குது.”

அவள் சொன்னாள்.

“ஆள் சரியோ? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளெல்லோ?”

“ஓம். சரி.”

அவ்வளவுதான். சட்டையின் முதுகை வெட்டினாள், பொத்தானைப் பூட்டினாள். பெட்டியை மூடினார்கள். கப்டன் அருள்நங்கை என்று எழுதினார்கள். அருள்நங்கையின் தாய் வந்து மூடிய பெட்டியின் மேல் விழுந்து கதறினாள். மாவீரர் குடும்பம் என்பதால் தங்கச்சியை ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்சி இன்றைக்கு வவுனியாவில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள். அருள்நங்கை டென்மார்க்கில் இருக்கிறாள், சொந்தப் பெயரான ரூபவதி என்ற பெயரில். மேசையில் கிடந்த பிள்ளைக்கு மட்டும் எந்தக் கொப்பியிலும் பெயர் இல்லை. தகடு கிடைக்காத பிள்ளைக்குப் பதிவு இல்லை, பதிவு இல்லாதவளின் வீட்டுக்கு அறிவித்தலும் போகவில்லை. பிறகு மே மாதம் எல்லாம் முடிந்த நாளில், இயக்கம் பிடித்துக்கொண்டு போன மகளைத் தேடிக்கொண்டிருந்த நாகபூசணியிடம் யாரோ ஒருவர் சொன்னார்: சரணடைந்த ஆட்களை ஏற்றின பஸ்ஸில் நீலச்சட்டை போட்ட ஒரு பெட்டை காலைக் கெந்திக் கெந்தி ஏறினதைக் கண்டேன் என்று. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாகபூசணி பதின்மூன்று வருடம் இருந்துவிட்டாள்.

இந்த வருடம் ஐப்பசியில்தான் விசயம் கழுத்துக்கு வந்தது. நாகபூசணிக்கு ஆவணியிலிருந்தே வயிற்றில் கட்டி. இங்கே ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், உடனே வெட்டி எடுக்க வேண்டும், தை மாதத்துக்கு மேல் தாங்காது என்று. கடிதம் மூன்று தரம் எழுதியாகிவிட்டது. மூன்றையும் அவள் மகளின் படச் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

“தேத்தண்ணி, அம்மா.”

“சீனி போட்டனியே?”

“உங்களுக்குச் சீனி கூடாதெல்லே.”

“எனக்கு எதுதான் கூடும்? டொக்டர் சீனி கூடாதெண்டுறான், சிஐடிக்காரன் கதை கூடாதெண்டுறான். ரெண்டு பேருக்கும் பயந்தால் நான் பச்சைத்தண்ணி குடிச்சுக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும்.”

“ஆஸ்பத்திரிக்கு எப்ப போறீங்கள்?”

“பாப்பம்.”

“பாப்பம் பாப்பம் எண்டு ரெண்டு மாசம். டொக்டர் என்ன சொன்னவர்?”

“வெட்டிப்போட்டு இருவது நாள் படுக்கவேணுமாம். இருவது நாள் பிள்ளை! நான் அங்க படுத்துக் கிடக்கிற நேரம் அவள் இஞ்ச வந்து நிண்டால்?”

“நான் இருக்கிறன்தானே. சொல்லுவன்.”

“உனக்கு அவளைத் தெரியுமே? என்னெண்டு பிடிப்பாய்?” நாகபூசணி படத்தைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், இறுக்கி மூடிய வாய். “இதைப் பாத்துப் பிடிக்கேலாது. பதின்மூண்டு வருசம். இதிலயும் மூஞ்சியை உம்மெண்டு வைச்சிருக்கிறாள். முன் பல்லு ஒண்டு பாதி உடைஞ்சது, அதால படத்துக்குச் சிரிக்கமாட்டாள். நல்லா நம்பின ஆக்களுக்குத்தான் பல்லுத் தெரியச் சிரிப்பாள். நீ காலைப் பார். இடக்கால், ரெண்டாம் மூண்டாம் விரல் ஒட்டு. அதைப் பாத்துக்கொள்.”

சிவாஜினி “சரி அம்மா” என்றாள். கடைக்குத் திரும்பி வந்தபோது வரிசையின் கடைசியில் அந்தப் பிள்ளை நின்றாள். வரிசையே இல்லாத நேரம். அவள் மட்டும் நின்றாள்.

அன்று பின்னேரம் கடையின் பின்புறக் கிணற்றடியில் நின்று சிவாஜினி டென்மார்க்குக்கு அழைத்தாள்.

“இப்ப என்னத்துக்கு அதைக் கிளறுறாய்?” என்றாள் ரூபவதி.

“அந்த மனிசி சாகப்போகுது. காத்துக்கொண்டு இருக்கிறதாலதான் சாகப்போகுது. நான் சொன்னால் போய்ப் படுக்கும்.”

“சொன்னவுடனை செத்தாலும் சாகும்.”

“அதுவும் சரிதான்.”

ரூபவதி பேச்சை மாற்றினாள். “நான் இஞ்ச என்ன வேலை தெரியுமே? கிழடுகளைக் குளிப்பாட்டுறன். உன்ர வேலைதான். என்ன, இவை உயிரோட இருக்கினம், கை மடங்கும்,” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். “கார்த்திகை வந்தால் ஆரோ என்ர கல்லறையைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில போடுறாங்கள் சிவா. நான் பஸ்ஸில இருந்து அதைப் பாக்கிறனான்.”

“ரூபி, ஒண்டு கேக்கிறன். அவள் செத்தாப் பிறகுதானே தகட்டைப் போட்டனி?”

ரூபவதி எங்கேயோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“ரூபி.”

“செத்துக்கொண்டு இருந்தாள். அப்ப முகம் நல்லா இருந்தது, வயித்திலதான் காயம். தூக்கிக்கொண்டு போனாலும் ஆஸ்பத்திரி மட்டும் தாங்காது, அது எனக்குத் தெரியும். நான் தகட்டைக் கழட்டி அவளின்ர கழுத்தில போட்டன். கண்ணை முழிச்சுத் தடவிப் பாத்தாள். ‘அக்கா, எனக்கும் வந்திட்டுதோ?’ எண்டு கேட்டாள். தகடு. தனக்கும் தகடு தந்திட்டினம் எண்டு நினைச்சாள். நான் ஓம் எண்டன். சிரிச்சாள். அதுக்குப் பிறகுதான் ரெண்டாவது செல் விழுந்தது. நான் ஓடிட்டன்.”

கிணற்றடி வாழையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிவாஜினி போனை நிற்பாட்டிய பிறகும் அங்கேயே நின்றாள்.

“எடியே, அரைச்ச மா புளிக்குது,” என்று செல்வமலர் உள்ளேயிருந்து கத்தினாள். “காகத்தோட கதைச்சு முடிஞ்சால் வா!”

மாவீரர் நாளான கார்த்திகை இருபத்தேழுக்கு மூன்று நாள் இருக்கும்போது சிவாஜினியும் ஊராரும் துயிலும் இல்லத்தைத் துப்புரவாக்கப் போனார்கள். ஆமி புல்டோசர் போட்டு இடித்த கல்லறைகள். உடைந்த கல்லை எல்லாம் ஆட்கள் ஒரு பக்கம் குவித்து வைத்திருக்கிறார்கள். எந்தக் குழி எங்கே என்று ஞாபகத்தை வைத்துத்தான் வரிசை பிடிப்பது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த கேதீஸ் என்ற வாத்தியார் ஒரு கடதாசியைப் பார்த்து வாசித்தார்.

“ஆக்கள் இல்லாத குழிகளுக்கு விளக்கேத்த வெளியாக்களை நிப்பாட்டவேணும். இருட்டில விடக்கூடாது. ஏழாம் வரிசை, கப்டன் அருள்நங்கை. தாய் போன வருசம் செத்துப்போனா. சகோதரத்தின்ர மனிசன் அரசாங்க உத்தியோகம், அவை வரமாட்டினம்.”

“அதுக்கு நான் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றாள் சிவாஜினி. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னேன் என்று அவளுக்கே உறைத்தது.

சிவாஜினி வந்து கூப்பிட்டதும் நாகபூசணி முதலில் கோபத்தில் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். கொட்டகைத் தாய்மார் அங்கே போய் விளக்கு ஏற்றுவதில்லை. ஏற்றினால் பிள்ளை செத்துவிட்டது என்று தாயே கையெழுத்து வைத்த மாதிரி.

“என்னைக் கொண்டே என்ர பிள்ளையைக் கொல்லச் சொல்லுறியே?”

“உங்கட பிள்ளைக்கு இல்லை அம்மா. ஒருத்தரும் இல்லாத ஒரு பிள்ளைக்கு.”

“தாய்?”

“செத்திட்டா.”

நாகபூசணி படத்தைப் பார்த்தாள், றோட்டைப் பார்த்தாள். “ஊரார் பிள்ளைக்கு ஏத்தினால் தோசமில்லைத்தான்,” என்று தனக்குள் சொன்னாள். “வந்து தோயவேணுமே? இந்தக் குளிருக்குத் தோய்ஞ்சால் எனக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும்.”

“இல்லை அம்மா. அங்க போய்வந்து ஒருத்தரும் தோயிறேல்ல. அது சுடலை இல்லை, கோயில் மாதிரி.”

“அப்ப சரி.”

இருபத்தேழாம் திகதி பின்னேரம் ஓட்டோவில் போனார்கள். மழை விட்டிருந்தது, சேறு விடவில்லை. சிவப்பு மஞ்சள் கொடிகள் ஈரத்தில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. வாசலுக்கு எதிரே மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் இருந்து வருகிறவர்களைப் படம் எடுத்தார்கள்.

“வடிவா எடு தம்பி, போன முறை கண்ணை மூடிட்டன்,” என்றாள் நாகபூசணி. ஒருவன் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பினான்.

ஏழாம் வரிசையில் மண்ணைக் கூட்டி ஒரு மேடு பிடித்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு குச்சி, அதில் மட்டையில் எழுதிய பெயர். நாகபூசணி தலைமாட்டில் குந்தியிருந்து புல்லைப் பிடுங்கினாள். செவ்வரத்தம் பூவை வைத்தாள். ஆறு ஐந்துக்கு மணி அடித்தது. எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு ஒரே நேரத்தில் எல்லா விளக்கும் ஏறின. கண் போகிற தூரம் மட்டும் நெருப்பு. ஒவ்வொரு நெருப்புக்குப் பக்கத்திலும் ஒரு பெண் அழுதாள். நாகபூசணி அழவில்லை. ஊரார் பிள்ளை அல்லவா. திரியை மட்டும் தூண்டிவிட்டாள்.

“பாவம், என்னெண்டு செத்ததாம் இந்தப் பிள்ளை?”

“வயித்தில காயம்.”

“நீ கண்டனியே?”

“நான்தான் கழுவினனான் அம்மா.”

“என்ன வயசு?”

சிவாஜினி நிமிர்ந்து பார்த்தாள். வரிசையின் கடைசியில், நெருப்பு இல்லாத இடத்தில், யாரோ வெறுங்காலோடு நிற்பது தெரிந்தது.

“பதினேழு இருக்கும். இது அருள்நங்கை இல்லை அம்மா. அவளின்ர தகட்டோட வந்த வேற பிள்ளை. புதுசாப் பிடிச்ச பிள்ளை, தகடு குடுக்கேல்ல. தகட்டில இருந்த இலக்கத்தை நான் சொல்லிட்டன். ஆள் வேற எண்டு தெரிஞ்சுகொண்டு சொன்னனான். சொல்லாட்டி இன்னொரு பிள்ளையைத் தூக்கியிருப்பினம். நான்தான் வாயைத் திறக்கேல்ல. அண்டைக்கும் திறக்கேல்ல, உங்களைக் கண்ட நாளில இருந்தும் திறக்கேல்ல. கழுத்தில தகட்டைப் போடேக்க உயிர் இருந்ததாம். தனக்கும் தகடு வந்திட்டுது எண்டு சிரிச்சவளாம்.” அவள் மேட்டின் கால்மாட்டுப் பக்கம் பார்த்தாள். “காலில ரெண்டு விரல் ஒட்டு.”

ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காற்று வந்தது. நாகபூசணி இரண்டு கையையும் குவித்து விளக்கை மறைத்தாள். காற்று நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

“எந்தக் கால்?”

“இடது.”

“என்ர பிள்ளைக்கு வலது.”

“அம்மா…”

“வலது எண்டுறன். பெத்த எனக்குத் தெரியாதே?”

கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிற கடுதாசியை இரண்டு பேருமே ஆயிரம் தரம் வாசித்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நாகபூசணி எழும்பினாள். போகத்தான் எழும்புகிறாள் என்று நினைத்து சிவாஜினி கையைக் கொடுத்தாள். அவள் கையைப் பிடிக்கவில்லை. மேட்டைச் சுற்றி மெல்ல நடந்து, தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு வந்து, சேற்றில் அப்படியே உட்கார்ந்தாள். எண்ணெய் தீரும்வரை அந்த இடத்திலேயே இருந்தாள். மண்ணைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டு இருந்தாள்.

திரும்பி வரும்போது ஓட்டோக்காரன் பாட்டுப் போட்டான், பிறகு தானாகவே நிற்பாட்டினான். பரந்தன் சந்தி தாண்டியதும் நாகபூசணி அவள் பக்கம் திரும்பினாள்.

“சிரிச்சவளாம் எண்டனியே,” என்றாள் திடீரென்று. “ஆர் கண்டது?”

“தகட்டைப் போட்டவள்.”

“பல்லுத் தெரியச் சிரிச்சதாமோ?”

“தெரியாதம்மா. கேக்கேல்ல.”

“கேட்டுச் சொல்லு.”

இறங்குகிற இடத்தில் நாகபூசணி இறங்கினாள். சேலையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டவில்லை. வீட்டு ஒழுங்கைக்குள் திரும்புகிற வரையில் சிவாஜினி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மழை இல்லை. ஏழரை மணிக்கு நாகபூசணி கொட்டகைக்கு வந்தாள். தலை தோய்ந்திருந்தாள், கூந்தல் ஈரத்தோடு முதுகில் கிடந்தது. கரும்பலகையில் யாரோ 2108 என்று எழுதினார்கள். அவள் படத்தைத் துடைத்தாள், பின்னால் செருகியிருந்த கடிதங்களை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள், படத்தைத் தன்னுடைய கதிரையில் வைத்தாள். சிவாஜினி தேத்தண்ணி கொண்டு போனாள். நாகபூசணி அதை வாங்கிக் குடித்து, கிளாசைத் திருப்பிக் கொடுத்தாள். எட்டுப் பத்துக்கு யாழ்ப்பாணம் பஸ் வந்தது. அவள் ஏறினாள்.